மாமனார் ஒரு மணி நேரம் பொறுப்பார்

ஜூலை 21, திங்கள்

இன்று பதினொரு கல்யாணம் நின்றது.

எங்கள் அலுவலகத்தில் காலை வணக்கத்துக்குப் பதில் இதைத்தான் கேட்பார்கள். எத்தனை நின்றது? கேட்பவர் சிரிப்பதும் இல்லை. சரவணம்பட்டியில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் உட்கார்ந்து, கல்யாண மண்டபங்களை இணையத்தில் பதிவு செய்யும் மென்பொருள் எழுதுகிறோம். கம்பெனிக்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை.

நிரலில் யார் எதை மாற்றினாலும் அது வெளியே போவதற்கு முன் ஒரு சர்வர் மனிதனைப் போல நடித்துப் பார்க்கும். தானே பக்கத்தைத் திறக்கும். மண்டபம் தேடும், நாள் பார்க்கும், சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று சொல்லும், முன்பணம் கட்டும். ஒவ்வொரு சோதனையும் ஒரு பொய்க் கல்யாணம். மொத்தம் இருபது. எல்லாம் ஒரே நேரத்தில் தொடங்கும். ஒரு மணி நேரத்துக்குள் முடியாத கல்யாணத்தை சர்வர் பாதியில் நிறுத்திவிட்டுச் சிவப்பு காட்டும். சிவப்பு இருக்கும்வரை புது வெர்ஷன் வெளியே போகாது.

அந்த சர்வருக்கு மாமனார் என்று பெயர் வைத்தவர் ரெமிஜியுஸ். இருபது கல்யாணங்களையும் எழுதியவர். மாமனார் சிவப்பு காட்டினால் அவர் கைபேசிக்குத்தான் செய்தி போகும்.

போன மாதம் வரை ஐந்து நிமிடத்தில் முடிந்த வேலை. இந்த மாதம் பத்தாம் தேதி வாக்கில் இழுக்க ஆரம்பித்தது.

சென்னியப்பன் சார் இன்று நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். முதலாளி அப்படி உட்கார்ந்தால் நல்ல செய்தி இல்லை.

"ரெமி, இந்த மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேனுங். அதுக்குள்ள ஓடலைன்னா இந்த டெஸ்டையெல்லாம் தூக்கி அக்கட்டால வெச்சுருவோம். நீங்க பெங்களூர் கிளையண்ட்கிட்டப் போயிருங்க. அங்க ஆள் கேட்டுட்டே இருக்கறாங்க."

"சரி சார்," என்றார் ரெமிஜியுஸ்.

அவ்வளவுதான் சொன்னார்.

"நான் பாக்கறேன் சார்," என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

"உங்களுக்குப் பேமெண்ட் வேல இருக்குதல்லங் சங்கவி?"

"அத முடிச்சுட்டேனுங் சார்."

முடிக்கவில்லை. சிக்கலான பிரச்சினை என்பதால் எடுத்துக்கொண்டேன். வேறு காரணம் இல்லை. இதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூலை 22, செவ்வாய்

நாள் முழுக்க அவருடைய சோதனைகளைப் படித்தேன். ஒவ்வொன்றின் தலையிலும் அந்த மணமக்களைப் பற்றி ஓரிரு வரி எழுதியிருக்கிறார். யாருக்காக எழுதினார் என்று தெரியவில்லை. எந்திரம் அந்த வரிகளைப் படிக்காது.

பேச்சியம்மாள். மூன்று முறை மண்டபம் மாற்றுவாள். அவளைக் குறை சொல்லக்கூடாது. முதல் இரண்டிலும் வண்டி நிறுத்த இடம் இல்லை.

திருமேனி. முதலில் முந்நூறு பேருக்குச் சாப்பாடு என்பார். அத்தை வீட்டுக்குச் சொல்லவில்லை என்று ஞாபகம் வரும். தொள்ளாயிரம்.

சத்தமாகச் சிரித்துவிட்டேன். எதிர் மேசையிலிருந்து அவர் நிமிர்ந்து பார்த்தார். பேமெண்ட் பற்றி ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

எல்லா இடத்திலும் 'பொறு' இருக்கிறது. ஐந்து நொடி பொறு. பத்து நொடி பொறு. எப்போதெல்லாம் ஒரு பக்கம் திறக்கத் தாமதமானதோ, அப்போதெல்லாம் யாரோ ஒருவர் அங்கே ஒரு 'பொறு' போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். பொத்தான் வந்துவிட்டதா என்று கேட்பதில்லை. வந்திருக்கும் என்று நம்பி நிற்பது.

பல்கலைக்கழகத்தில் தத்துவ வகுப்புக்காகக் காலத்தைப் பற்றி இருபது பக்கம் எழுதினேன். பேராசிரியருக்குப் பிடித்திருந்தது. அதில் எங்கும் காத்திருப்பது பற்றி ஒரு வரி இல்லை என்று இன்றுதான் தோன்றியது.

ஜூலை 23, புதன்

'பொறு'க்களைப் பிடுங்கினேன். மாலைவரை. முதுகு வலி.

ஜூலை 24, வியாழன்

கீழே பேக்கரியில் டீ. வெளியே ஆள் தள்ளும் காற்று. ரெமிஜியுஸ் பப்ஸின் மேல் அடுக்கைத் தனியாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, உள்ளே இருப்பதை முதலில் தின்கிறார். மேல் அடுக்கு கடைசியில். ஆறு மாதமாக இதைத்தான் செய்கிறார்.

ஆறு மாதமாக நான் இதைப் பார்த்திருக்கிறேன் என்று எழுதியபிறகுதான் தெரிகிறது.

"பேச்சியம்மா?" என்றார்.

"இன்னிக்கும் நின்னுட்டா."

"அவ நிப்பா. தூத்துக்குடியில எங்க சித்தி ஒருத்தி உண்டு, அவள வச்சுத்தான் எழுதுனேன். மூணு கட ஏறாம சோப்பு கூட வாங்க மாட்டா."

"திருமேனி யாரு?"

"அது எங்கப்பா."

"உங்களுக்குப் பெங்களூர் போகப் பிடிக்குமா?"

அவர் மேல் அடுக்கை எடுத்தார். "அங்கயும் மழை உண்டு."

"இது ஒரு பதிலா?"

"டீ ஆறுது. குடிங்க."

ஜூலை 25, வெள்ளி

எட்டுதான் நின்றது. சார் எனக்கு மட்டும் ஒரு தேங்காய் பன் வாங்கித் தந்தார். "விட்டா எல்லாத்தையும் கட்டி வெச்சுருவீங்களாட்ட இருக்குதே."

பாதியை எதிர் மேசைக்குக் கொடுத்தேன். பன் பெரியது.

ஜூலை 26, சனி

சார் வரவில்லை. பெருந்துறையில் அவர் அப்பாவின் மண்டபத்துக்கு வெள்ளை அடிக்கிறார்கள். போன சனியும் அதற்குத்தான் போனார்.

அம்மா துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "அன்னூர்ல இருந்து ஒரு ஜாதகம் வந்திருக்குது கண்ணு. ஆடி போகட்டும்னு சொல்லியிருக்கேன்."

"போகட்டும்," என்றேன். எது என்று சொல்லவில்லை.

ஜூலை 28, திங்கள்

ஐந்துதான் நின்றது.

இரண்டு நாட்கள் யாரும் எதையும் தொடவில்லை. நான் தொடவில்லை. ரெமிஜியுஸ் தொடவில்லை. சார் கையில் சுண்ணாம்பு. ஆனாலும் மூன்று கல்யாணம் கூடுதலாக நடந்திருக்கிறது.

தானாகக் கெட்டது தானாகச் சரியானால் எனக்குப் பயமாக இருக்கிறது.

"தானா செரியாகுதுன்னா விட்ருங்," என்றார் சார். "போச்சாது, பரவால்லைங்."

"பேச்சியம்மா இன்னும் நிக்கா சார்," என்றார் ரெமிஜியுஸ். "அவள நிக்க வச்சுட்டு எப்படி விட?"

அப்படியென்றால் வெள்ளிக்கிழமை குறைந்ததும் என்னால்தானா? தேங்காய் பன்னுக்கு நான் தகுதியானவள்தானா? தெரியவில்லை. வியாழன் கடைசி நாள்.

ஜூலை 29, செவ்வாய்

ஒருநாளும் நிற்காத கல்யாணங்களை மட்டும் எடுத்து வைத்துப் பார்த்தேன். ஃபிலோமினா. நூர்ஜஹான். இன்னும் நான்கு பேர்.

ஃபிலோமினாவும் மூன்று முறை மண்டபம் மாற்றுகிறாள். அதே மண்டபங்கள். நான்கு நிமிடத்தில் முன்பணம் கட்டிவிட்டு வெளியே வந்துவிடுகிறாள்.

"ரெமி, ஃபிலோமினாவ எப்படி எழுதுனீங்க?"

"பேச்சியம்மாவக் காப்பி பண்ணிப் பேர மாத்துனேன். என் சோம்பேறித்தனத்தக் கண்டுபிடிச்சுட்டீங்க."

"வேற எதுவும் மாத்தலையா?"

யோசித்தார். "ஒண்ணு மாத்துனேன். அவளுக்கு விளக்கு வேண்டாம்."

எங்கள் மென்பொருள் முதலில் ஒரு கேள்வி கேட்கும். முகூர்த்த நாள் பார்க்க வேண்டுமா? ஆம் என்றால், நாட்காட்டியில் முகூர்த்தம் உள்ள தேதிகளில் சின்னதாக ஒரு குத்துவிளக்கு தெரியும். வேண்டாம் என்றால் விளக்கு இல்லை. காலியாக உள்ள எந்த நாளையும் எடுத்துக்கொள்ளலாம்.

விளக்கு கேட்டவர்கள் மட்டும் நிற்கிறார்கள். ஏன் என்று தெரியாமலே மாலை வந்துவிட்டது. பேருந்தில் வீடு இருக்கும் பேரூர்வரை நின்றுகொண்டே வந்தேன். காலியாக ஒரு இருக்கை இருந்ததாம். பக்கத்தில் இருந்த அம்மா சொன்னார்.

ஜூலை 30, புதன்

எழுதும்போது கை சிரிக்கிறது. கை சிரிக்குமா என்று பேராசிரியர் கேட்பார். சிரிக்கிறது.

மாமனார் ஒவ்வொரு கல்யாணத்தையும் படம் பிடித்து வைப்பார். இன்று பேச்சியம்மாளின் கல்யாணத்தை முதலிலிருந்து போட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். ஒரே திரை. இரண்டு நாற்காலி. ஆளுக்கு ஒரு டீ.

திரையில் நாட்காட்டி. ஒரு அம்பு இன்றைய தேதியின் மேல் போய் நிற்கிறது. நிற்கிறது. நின்றுகொண்டே இருக்கிறது. ஒரு நிமிடம் கழித்து நாளைக்கு நகர்கிறது. அங்கும் நிற்கிறது.

"என்ன பாக்குது?"

"விளக்கு எரியுதான்னு பாக்கு. ஒரு நிமிஷம் பொறுத்து எரியலைன்னா அடுத்த நாளுக்குப் போவும்."

"ஒரு நிமிஷமா? அந்தப் 'பொறு' என் கண்ணுல படலையே."

"அது நம்ம டெஸ்டுல இல்ல. நாட்காட்டியத் திறக்குறதுக்கே ஒரு பழைய நிரல் துண்டு உண்டு, அதுக்குள்ள இருக்கும்."

அம்பு நின்றது. நகர்ந்தது. நின்றது. இப்படி ஒன்றுமே நடக்காத படத்தை இவ்வளவு நேரம் ஒருவரோடு சேர்ந்து பார்த்ததில்லை. அலுப்பாக இல்லை.

ஆகஸ்ட் ஒன்பதின் மேல் அம்பு நின்றபோது அம்மா கூப்பிட்டாள்.

"கண்ணு, அந்த அன்னூர்க்காரங்க பொண்ணு பாக்க வர்றேங்கறாங்க. ஆடியில யாராச்சும் வருவாங்களா? இந்த மாசத்துல நல்ல நாளே கெடையாதல்லோ. ஆவணி பொறக்கட்டும்னு சொல்லிப்போட்டேன்."

"அம்மா, நீ இன்னொரு தடவ சொல்லு."

"ஆவணி பொறக்கட்டும்னு..."

"அதுக்கு முன்னாடி."

"ஆடியில ஏது கண்ணு முகூர்த்தம்?"

கைபேசியை வைத்தேன். அம்பு ஆகஸ்ட் பத்துக்கு நகர்ந்தது.

"ரெமி, இது என்ன மாசம்?"

"ஜூலை."

"தமிழ் மாசம்."

"எனக்கு எப்படித் தெரியும்? எங்க வீட்டுக் காலண்டர்ல மாதா படந்தான் பெருசா இருக்கும்."

"ஆடி."

அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். டீயைக் கீழே வைத்துவிட்டு மேசைமேல் கவிழ்ந்து சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கியது. எனக்கும் நிற்கவில்லை.

ஆடி முழுக்க விளக்கே இல்லை. அம்பு ஒவ்வொரு நாளிலும் ஒரு நிமிடம் நின்று, எரியாத விளக்குக்காகக் காத்திருந்து, ஆவணிவரை நடந்தே போகிறது. மண்டபம் மாற்றும்போதெல்லாம் முதலிலிருந்து, பேச்சியம்மாள் அதை மூன்று முறை நடக்கிறாள்; அதிலேயே ஒரு மணி நேரம் போய்விடுகிறது. ஒவ்வொரு நாளும் ஆவணி ஒரு நாள் பக்கத்தில் வருவதால்தான் கல்யாணங்கள் தானாகச் சரியாகின. என்னால் இல்லை. பன் எனக்குரியது இல்லை.

கல்யாணத்தை வைத்தே கம்பெனி நடத்துகிறோம். ஒருவருக்கும் ஆடி ஞாபகம் வரவில்லை. மண்டபம் காலியாகக் கிடக்கிறது என்று சனிக்கிழமைதோறும் வெள்ளை அடிக்கப் போகிறவருக்கும் வரவில்லை. அம்மா போன சனியே சொன்னாள். நான் அதை இங்கே எழுதியும் இருக்கிறேன்.

ஆடி 15, வியாழன்

இனி இப்படித்தான் தேதி போடுவேன்.

ஒரே வரி. விளக்குள்ள முதல் நாள் எது என்று நாட்காட்டியிடமே கேட்பது. அதற்கு ஏற்கெனவே தெரியும். யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

மாமனாரிடம் அனுப்பிவிட்டுக் கீழே போனோம். ரெமிஜியுஸ் பப்ஸின் மேல் அடுக்குக்கு வருவதற்குள் செய்தி வந்தது. இருபது கல்யாணமும் நடந்துவிட்டது. பேச்சியம்மாளுக்கு ஆவணியில் நாள் கிடைத்திருக்கிறது. வண்டி நிறுத்தவும் இடம் இருக்கிறது.

அவர் மேல் அடுக்கை இரண்டாக உடைத்து ஒரு பாதியை என் தட்டில் வைத்தார்.

மேலே போனதும் சார் கேட்டார். "அந்த ஒரு நிமிசத்த எவனுங் போட்டது?"

எங்களுக்குத் தெரியும். சொல்லவில்லை. யார் எப்போது மாற்றியது என்று திரையில் இருந்த பட்டியலை அவரே எட்டிப் பார்த்துவிட்டுக் கழுத்தைச் சொறிந்தார்.

"பத்து நொடின்னு மொதல்ல போட்டது நானுங். அப்ப பஞ்சாங்கம் வேற எடத்துல இருந்து வரும், ஆமையாட்ட. அப்பறம் ஆளாளுக்கு ஏத்தி உட்டுட்டாங்க." கழுத்தை இன்னொரு தடவை சொறிந்துவிட்டு, "வெள்ளை அடிக்கறவன்கிட்ட நாந்தான் சொன்னேன், ஆடியில எவன் வரப்போறான், பொறுமையா அடின்னு."

பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டார்.

"ரெமி, நீங்க போகோணும்னு இல்லைங். ஆனா பெங்களூர்ல உங்களத்தான் வேணும்ங்கறாங்க. சம்பளமும் சேத்தித் தர்றாங்களாமா. நான் தடுக்க மாட்டேன். திங்கக்கெழம சொல்லுங்."

"சரி சார்."

மறுபடியும் அதே இரண்டு சொல்.

சோதனை ஓடினால் அவர் இங்கேயே இருப்பார் என்று நினைத்திருந்தேன். ஏன் அப்படி நினைத்தேன்? யாரும் அப்படிச் சொல்லவில்லை. நான்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஆடி 16, வெள்ளி

காலையில் ஒரு சண்டை. நல்ல சண்டை.

சோதனைகளுக்கு மட்டும் தேதியை நிலையாக வைகாசியில் நிறுத்திவிடலாம் என்றேன். இனி ஆடி வந்தாலும் மார்கழி வந்தாலும் தொல்லை இல்லை. அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"எல்லாரையும் வைகாசியிலயே நிறுத்திட்டா, ஆடியில வாரவன் என்ன செய்வான்?"

"ஆடியில யாரு வருவா?"

"யாராவது வருவான். வந்தா நாம இருக்கணும்லா?"

அவர்தான் ஜெயித்தார். தேதி ஓடட்டும் என்று விட்டுவிட்டோம்.

பெங்களூர் பற்றி அவர் பேசவில்லை. நான் கேட்கவில்லை. மதியம் பேசுவார் என்று பார்த்தேன். டீக்குப் போகும்போது பேசுவார் என்று பார்த்தேன். கிளம்பும்போது.

அந்த அம்பு மாதிரி.

ஆடி 17, சனி

அலுவலகத்தில் நான் மட்டும். புதுச் சோதனை ஒன்று எழுதினேன். இருபத்தொன்றாவது கல்யாணம்.

மணமகள் ஊர் பேரூர். மணமகன் ஊர் தூத்துக்குடி. பெண் வீட்டார் முகூர்த்தம் பார்க்க வேண்டும் என்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்கிறார்கள். பெயர்கள் காலி.

மென்பொருளில் இதற்கு வழியே இல்லை. ஆம், இல்லை என்று ஒரே ஒரு பதில்தான் வாங்குகிறது. இரண்டு வீட்டுக்கு இரண்டு பதில் இருக்கும் என்று நாங்கள் நினைத்ததே இல்லை. உண்மையான குறை. அதற்காகத்தான் எழுதினேன்.

மாமனார் நாளைக் காலை ஓட்டும்படி வைத்துவிட்டு, கணினியை அணைத்துவிட்டுப் படியில் இரண்டிரண்டாக இறங்கினேன்.

ஆடி 18, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. பேரூர் படித்துறையில் நிற்க இடம் இல்லை. நொய்யலில் தண்ணீர் ஓடுகிறது. பெண்கள் வெற்றிலையில் சூடம் ஏற்றித் தண்ணீரில் விட்டார்கள். அம்மா காதோலை கருகமணி விட்டுவிட்டு யார் யாருக்கோ வேண்டிக்கொண்டிருந்தாள். என் கைபேசி அடித்தது.

"கல்யாணம் ஒண்ணு நின்னுட்டு," என்றார் ரெமிஜியுஸ்.

"அப்படியா?"

"பொண்ணு பேரூர். மாப்பிள தூத்துக்குடி. பேரு போடல. யாரு எழுதுனது?"

"நான்தான்."

"பேரு ஏன் போடல?"

"போட்டா எல்லாருக்கும் தெரிஞ்சுரும்."

இந்தப் பக்கம் ஆறு, மணி, குழந்தைகள், சுண்டல் விற்கிறவர். ஒரு காதைப் பொத்திக்கொண்டேன்.

"நாளைக்கு சார்கிட்ட என்ன சொல்லப்போறீங்க?" கேட்டேவிட்டேன். எத்தனை சுலபம். "போகாதீங்க, ரெமி."

"நீங்க கேப்பீங்களான்னு வியாழக்கிழமையில இருந்து நிக்கேன்."

"நீங்களே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம். சட்டையெல்லாம் தேச்சு வச்சேன், சொல்லலாம்னு. பப்ஸப் பாதி குடுத்தேனே, அது பத்தலையா?" பிறகு, "இதெல்லாம் ஆடியில பேசலாமா?"

"உங்களுக்குத்தான் ஆடி இல்லையே."

"எங்களுக்குத் தவக்காலம் உண்டு. அப்பக் கல்யாணம் கெடையாது."

"அது எப்போ?"

"பிப்ரவரி, மார்ச்."

"நெறைய நாள் இருக்குது," என்றேன்.

அம்மா ஈரக் கையோடு திரும்பினாள். "யாரு கண்ணு?"

"ஆபீஸ்மா. ஒரு கல்யாணம் நின்னு போச்சாம்."

"அய்யோ பாவம்," என்றாள் அம்மா. "செரி, அழுகாதே." அப்போதுதான் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஈரமாக இருந்தது. பிறகு அம்மா என் முகத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அழுகற மாதிரியும் தெரியலையே."

வீட்டுக்கு வரும் வழி முழுக்க அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்பாள். கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டாலும் இந்த வாரம் சொல்வேன்.

ஆடி 19, திங்கள்

"எத்தன நின்னுச்சுங்?" என்றபடியே சார் உள்ளே வந்தார்.

"ஒண்ணு," என்றார் ரெமிஜியுஸ். தேய்த்த சட்டை போட்டிருந்தார். "சார், நான் பெங்களூர் போகல."

"சந்தோசமுங். அந்த ஒண்ணு ஏன் நிக்குது? இன்னிக்கு வெர்ஷன் போகோணுமே."

"அது புது டெஸ்ட் சார். வெர்ஷனுக்குத் தடை இல்லாம தனியா வச்சுட்டேன். அது நடக்கக் கொஞ்சம் நாளாவும். ரெண்டு வீட்லயும் கேக்கணும்."

சார் திரையில் குனிந்து படித்தார். பேரூர். தூத்துக்குடி. ரெமிஜியுஸைப் பார்த்தார். நான் பேமெண்ட் வேலையில் மும்முரமாக இருந்தேன். அதை இன்னும் முடிக்கவில்லை.

"சங்கவி," என்றார். "ஆடியில ஆருங் கல்யாணம் பேசறாங்கன்னு கேக்கலாம்னு பாத்தேன். வேண்டாம்." நாற்காலியை இழுத்து நேராகப் போட்டு உட்கார்ந்தார். "அப்பாகிட்டச் சொல்லி நம்ம மண்டபத்துல ஒரு நாளப் புடிச்சு வெக்கட்டுங்களா?"

நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வெள்ளை அடிச்சு முடிஞ்சுதுங்களா சார்?" என்று கேட்டேன்.